நூறு செம்புக் கடல்

நான்காக மடித்த பழைய வேட்டித் துண்டை வாளியின் வாயில் கட்டி, அதன் மேல் மண்பானையைச் சரித்துக் கடல் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள் குணலட்சுமி. பானை அசைந்தால் அடியில் இறங்கிய மண்டி மேலே வந்துவிடும். ஒரு கையால் அடியைத் தாங்கி, மறு கையால் கழுத்தைப் பிடித்து, தூங்கிப்போன பிள்ளையைத் தோளிலிருந்து இறக்குகிறவளைப் போல மெல்லச் சரித்தாள். முதல் நாள் பின்னேரமே பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசி வைத்திருந்தாள். மாரிகாலத்தில் கிணறு கலங்கினால் அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லோரும் செய்கிற வேலைதான். கொட்டையை உரசி வைத்துவிட்டால் விடியுமுன் அழுக்கெல்லாம் அடியில் உறைந்து, மேலே கண்ணாடி போலத் தண்ணீர் நிற்கும். அதையும் துணியில் வடித்துவிட்டால் குறை சொல்ல ஆளில்லை. துணியில் தங்கிய பச்சையும் கபிலமுமான பசையை வேலியடியில் உதறிவிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு கையை மஞ்சள் போட்டுக் கழுவினாள்.

"இஞ்சேரப்பா, இன்னும் துவங்கேல்லையோ?" விறாந்தையிலிருந்து அருளம்பலம் கேட்டார்.

"வாறன், வாறன். உங்கடை கடல் ஓடிப்போகாது."

"ஓடாது. வெயில் ஏறினால் சுடும்."

தொட்டி விறாந்தையின் வடக்கு மூலையில் ஒரு மர வாங்குப் பலகையின் மேல் இருந்தது. மூன்றடி நீளம். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியைப் பொருத்திப் புட்டி வைத்து அடைத்தவர் அருளம்பலம்தான். உள்ளே மணல், பவளம் உறைந்த இரண்டு மூன்று முருகைக்கல், நடுக்கல்லில் கடற்பஞ்சு. பஞ்சு என்றதும் ஏனம் கழுவுகிற பஞ்சை நினைத்துவிடக் கூடாது. கூப்பிய இரண்டு கையளவில், நல்ல மஞ்சள் நிறத்தில், உச்சியில் சுண்டுவிரல் நுழையக்கூடிய நாலு வாய்களோடு கல்லை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது அது. நகராது. மீனைப் போல விளையாட்டுக் காட்டாது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "உதிலை என்னத்தைப் பாக்கிறது மாஸ்ரர்?" என்றுதான் கேட்பார்கள்.

அவர் மாஸ்ரர் இல்லை. கல்லூரி விலங்கியல் ஆய்வுகூடத்தில் உதவியாளர். முப்பத்துநாலு வருஷம். தவளைக்குக் குளோரோபோம் பிடிப்பது, எலியைப் பலகையில் விரித்து ஊசி குத்துவது, பாம்பையும் மட்டத்தேளையும் நட்சத்திர மீனையும் போத்தலில் போட்டு மருந்து ஊற்றி மூடி, வாயை மெழுகால் அடைத்துப் பெயர் எழுதி ஒட்டுவது, இதுதான் அவருடைய வேலை. பிள்ளைகள் மறைவில் 'தவளை மாஸ்ரர்' என்பார்கள். வேலையால் வந்து நேரே கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகிய பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். அது குணலட்சுமி கலியாணமான முதல் கிழமையிலேயே போட்ட சட்டம். மச்சம் புழங்காத வீடு. மீனோ இறைச்சியோ, ஏன் முட்டை கூட அந்தப் படலை தாண்டி உள்ளே வந்ததில்லை. ஆய்வுகூடத்தில் என்ன செய்கிறார் என்று அவள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

ஓய்வு பெற்ற வருஷம், எண்பத்தாறில், மண்டைதீவுக்குப் போய்விட்டு ஒரு வாளியோடு திரும்பி வந்தார். கழுத்தளவு தண்ணீரில் வாளியைக் கடலுக்குள்ளேயே அமிழ்த்தி, கல்லோடு அதை உள்ளே உருட்டி, ஒரு கணம்கூடக் காற்றுப் படாமல் தூக்கி வந்த கதையை ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒருக்கால் காத்துப் பட்டால் சரி. உள்ளை காத்துப் பூந்தால் பிறகு அது வெளியிலை வராது. அவ்வளவுதான் கதை." பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். "வாளிக்கை என்ன ஐயா?" என்று கொண்டக்ரர் கேட்க, "கடல்" என்றாராம். "அப்ப கடலுக்கும் ஒரு அரை ரிக்கற் எடுங்கோ" என்றானாம் அவன்.

படலையடியில் குணலட்சுமி மறித்தாள். "உது உயிரோ? உயிரெண்டால் உங்கையே நில்லுங்கோ."

"இல்லையப்பா. கடலிலை முளைக்கிற ஒரு பூண்டு. பாசி மாதிரி."

பூண்டென்றால் சரி. விறாந்தையோடு நிற்க வேண்டும், சாமியறைப் பக்கம் வரக்கூடாது, தொட்ட கையோடு குசினிக்குள் வரக்கூடாது என்று மூன்று சொல்லி உள்ளே விட்டாள்.

போகப் போக அவளுக்கும் அது பழகிவிட்டது. அந்த நாட்களில் ஒரு பின்னேரம் அவர் அவளைக் கூப்பிட்டு, ஒரு துளி ஆட்டுப்பாலைச் சொட்டுக்குழாயில் எடுத்து, பஞ்சின் பக்கவாட்டில் விட்டுக் காட்டினார். பால் ஒரு வெள்ளை மேகமாக நின்றது. கொஞ்சத்தில் மேகம் மெலிந்து, பஞ்சின் தோலுக்குள் இழுபட்டுப் போனது. பிறகு உச்சியில் இருந்த வாயொன்றிலிருந்து, சாம்பிராணிப் புகை எழும்புகிற மாதிரி, ஒரு வெள்ளை நூல் மேலே வந்தது.

"பாத்தீரோ? மூச்சு விடுது," என்றார். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கூட இருந்த மனிதனின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை அவள் அன்றுதான் கண்டாள். அந்த முகத்துக்காகவே பூண்டு இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

தொண்ணூறு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. கரண்ட் போனது. தொட்டிக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்த சின்ன மோட்டர் நின்றது. அருளம்பலம் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, செம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு, தலையுயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றத் தொடங்கினார். காலையில் நூறு செம்பு, பின்னேரம் நூறு செம்பு. விழுகிற தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்கிடையில் அவருடைய கண்களை வெண்புரை மூடிக்கொண்டு வந்தது. ஒப்பரேசன் செய்யக் கொழும்புக்குப் போக வேண்டும். போகப் பாதை இல்லை. புரட்டாசி பிறந்தபோது அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். செம்பு குணலட்சுமியின் கைக்கு மாறியது.

"கடல் தண்ணி வந்தால் அப்பிடியே ஊத்தும். ஒண்டும் செய்ய வேண்டாம்," என்று முதல் நாளே அவர் சொன்னார்.

"ஓம், ஓம்," என்றாள். ஆம்பிளையளுக்கு எதிலும் பஞ்சி, சோம்பல், அப்படியே ஊற்றச் சொல்வார்கள், நாங்கள் செய்தால் துப்புரவாய்ச் செய்வோம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தேத்தாங்கொட்டையை எடுத்தாள்.

ஒவ்வொரு செம்புக்கும் ஒரு நமசிவாய. நூறு என்றால் நூறு. அபிஷேகம் செய்வது போலத்தான் இருந்தது. அவர் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் கேட்பார்.

"எப்பிடிக் கிடக்கு?"

"நல்லாக் கிடக்கு."

"நிறம்?"

"மஞ்சள்தான். வேறை என்ன?"

கார்த்திகை வரை அது உண்மையாக இருந்தது. பிறகு ஓரங்கள் வெளிறின. தை பிறந்தபோது சாம்பல் படர்ந்தது. நாலு வாய்களில் இரண்டு மூடிவிட்டன. கூப்பிய கையளவு இருந்தது ஒரு எலுமிச்சங்காயளவுக்குச் சுருங்கியது. அவள் இன்னும் கவனமாகத் துணியை மடித்தாள், முதலில் இரண்டாக, பிறகு நான்காக. "நல்லாக் கிடக்கு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கண் போன மனிதனிடம் போய் வேறென்ன சொல்வது?

மாசி மாதத்தில் ஒரு காலை, படலையில் சைக்கிள் மணி கேட்டது.

"அம்மா, கடல் வந்திருக்கு!"

கிறகோரி. பாசையூர்க்காரன். கிழமையில் இரண்டு தரம் சைக்கிள் கரியரில் இரண்டு கான் நிறையக் கடல் தண்ணீர் கொண்டுவருவான். மண்டைதீவில் ஆமி வந்து இருந்தபிறகு ஆழக்கடல் இல்லை, வள்ளம் இறக்கத் தடை. இடுப்பளவு தண்ணீரில் விடியக் காலமை அள்ளிக்கொண்டு வருவதே பெரிய காரியம். திரும்பிப் போகும்போது தேங்காயோ வாழைக்குலையில் ஒரு சீப்போ கொண்டுபோவான். குசினிக்கு வெளிச்சுவரில் ஆணியில் தொங்குகிற தகரப் பேணியைத் தானே எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து நிற்பான், அவள் தேத்தண்ணியை மேலே தூக்கி ஊற்றுவாள்.

"உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும் அம்மா," என்றான் அன்று, பேணியை ஊதிக்கொண்டே. "எனக்குக் குசினிக்கு வெளியிலை ஆணி. உதுக்கு விறாந்தையிலை கண்ணாடி மாளிகை. எங்கடை வேதத்திலை அடுத்த பிறவி இல்லை. இருந்தால் நான் உங்கடை வீட்டுக் கடற்பஞ்சாய்ப் பிறப்பன்."

"வாய் காட்டாமல் குடி. தொட்டிக்கு அடிச்சட்டம் கறள் பிடிச்சுக் கசியுதாம். உன்னைப் போய்ப் பாக்கச் சொன்னவர்."

அருளம்பலம் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். துலா கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கிறகோரி காலைக் கழுவிவிட்டு விறாந்தையில் ஏறி, தொட்டியடியில் குந்தினான். சட்டத்தைப் பார்க்கக் குனிந்தவன் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு அப்படியே இருந்தான்.

"மாதாவே! உதுக்கு என்ன நடந்தது?"

"மெல்லக் கதை," என்றாள் குணலட்சுமி. "வயது போட்டுதாக்கும்."

"வயதோ? அம்மா, உது பசியிலையெல்லோ கிடக்குது."

"பூண்டுக்கு என்ன பசி?"

அவன் சிரித்துவிட்டான். "பூண்டோ? ஆர் சொன்னது? உது உயிரம்மா. வலையிலை வந்தால் நாங்கள் தூக்கி எறியிறனாங்கள், அது வேறை. ஆனால் உயிர். மாஸ்ரர்தானே எனக்கே படிப்பிச்சவர். உடம்பு முழுக்கக் கிடக்கிற சின்னச் சின்ன ஓட்டையளாலை தண்ணியைக் குடிக்கும். அதுக்கை கிடக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி, புழு, கஞ்சல் எல்லாத்தையும் திண்டுபோட்டு மேல் வாயாலை வெறுந்தண்ணியைத் துப்பும்..." அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவனுடைய குரல் இறங்கியது. "அவர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

அவள் வேலியடியைப் பார்த்தாள். ஆறு மாதமாக உதறிய பசை அங்கே கறுத்துக் காய்ந்து கிடந்தது.

"நான் வடிச்செல்லோ ஊத்துறன்," என்றாள். "தேத்தாங்கொட்டை போட்டு."

கிறகோரி பானையைப் பார்த்தான், வாளியின் மேல் கட்டியிருந்த துணியைப் பார்த்தான். அவனுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

"சோத்தைக் கொட்டிப்போட்டு வெறுங்கோப்பையை வைச்சிருக்கிறியள், அம்மா," என்றான்.

அன்று அவள் இரண்டாம் முறை தலை முழுகினாள். உலையில் அரிசி போட்டது நினைவிருக்கிறது, இறக்கியது நினைவில்லை. ஐந்து வருஷம். எத்தனை வெள்ளிக்கிழமை விரதம், எத்தனை கந்தசட்டி. சாமியறையிலிருந்து எட்டடி தூரத்தில், பூச்சி புழுத் தின்கிற ஒன்று. அதற்கு இவள் சிவனுடைய பெயரைச் சொல்லிச் சொல்லி நூறு நூறாக ஊற்றியிருக்கிறாள். இவள் ஊர் ஊராய்ச் சொல்லித் திரிந்த 'மச்சம் புழங்காத வீடு'. ஆனால் தீட்டை விடப் பெரிதாக இன்னொன்று நெஞ்சில் இருந்து இறங்கமாட்டேன் என்றது. விரதத்தில் பசி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அது இவளாகத் தேடிக்கொள்ளும் பசி. அடுத்த நாள் பாறணையில் முடியும் என்று தெரிந்த பசி. அந்த வீட்டு வாசலுக்கு வந்த ஒருவரும் பசியோடு போனதில்லை. ஒன்று மட்டும் அங்கேயே இருந்து, வாய் இருந்தும் கேட்கத் தெரியாமல், ஆறு மாதம் பட்டினி கிடந்திருக்கிறது. பட்டினி போட்டது இவளுடைய துப்புரவு.

பின்னேரம் செம்புச் சத்தம் கேட்கவில்லை. அருளம்பலம் வெகுநேரம் பொறுத்துப் பார்த்தார்.

"என்னப்பா, இண்டைக்கு ஊத்தேல்லையோ?"

குணலட்சுமி வந்து தூணோடு நின்றாள். "இஞ்சருங்கோ. உது உயிரோ?"

அவர் தலையை அவள் பக்கம் திருப்பவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, மடித்து, மடியில் வைத்த பிறகுதான் சொன்னார்.

"ஓம்."

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பீரோ?"

"விட்டிருக்கமாட்டன்."

"பிறகென்ன?"

"பிறகென்னவோ?" அவள் தூணை விட்டு வந்தாள். "அப்பிடியே ஊத்தச் சொன்னனீங்கள், ஏனெண்டு சொன்னனீங்களோ? அழுக்கெண்டு நான் வடிச்செல்லோ ஊத்தினனான். ஆறு மாதமா. ஒரு துரும்பு விடாமல். அதுக்குத் தின்ன இருந்தது முழுக்க வேலியடியிலை கிடக்கு."

அருளம்பலத்தின் கை கதிரையின் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. அவருக்கு விளங்கிவிட்டது என்பது அவளுக்கும் விளங்கியது. 'பூண்டு' என்ற தன்னுடைய ஒரு சொல்லால் அடைபட்ட வழி எது என்று அவர் உள்ளுக்குள் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குணம்," என்றார். பெயர் சொல்லி அவர் கூப்பிட்டு எத்தனையோ வருஷம். "இனி மறைக்காதையும். என்ன நிறம்?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். "சாம்பல்."

"எவ்வளவு கிடக்கு?"

"ஒரு எலுமிச்சங்காயளவு."

"வாய்?"

"ரண்டு மூடிப்போச்சு. ஒண்டு அரைவாசி. மற்றது தெரியேல்லை."

"எப்பவிருந்து?"

"கார்த்திகையிலையிருந்து."

"ஓ," என்றார். அவ்வளவுதான். அவள் மஞ்சள் மஞ்சள் என்று சொல்லி வந்த ஒவ்வொரு நாளையும் அந்த ஒரு 'ஓ'வுக்குள் வாங்கிக்கொண்டார். பிறகு எழுந்து, தடவிக்கொண்டு வந்து, விரலைத் தண்ணீரில் நனைத்து மூக்கடியில் பிடித்தார்.

"சாகேல்லை. செத்திருந்தால் வீடு நாறும், படலை வரைக்கும் நாறும். எனக்குத் தெரியும்." விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எனக்கு அதுதானே தொழில். எத்தினை ஆயிரத்தைச் சாகடிச்சிருப்பன் எண்டு நினைக்கிறீர்? பிள்ளையள் படிக்கவேணும், சரி. ஆனால் என்ரை கைக்குள்ளை ஒண்டுகூட உயிரோடை இருந்ததில்லை. கடற்பஞ்சும் ஒண்டு வைச்சிருந்தனாங்கள், போத்திலிலை. மருந்துக்கை போட்ட அண்டைக்கே வெளுத்துப்போச்சு. அதின்ரை நிறத்தை நான் ஒரு பிள்ளைக்கும் காட்டினதில்லை. ஒண்டே ஒண்டையாவது நிறத்தோடை வைச்சிருப்பம் எண்டுதான்..."

தவளை நாற்றத்தோடு கிணற்றடியில் நின்று, உள்ளே வர அனுமதிக்காகத் தலையைத் துடைத்துத் துடைத்துக் காட்டிய அந்த இளம் மனிதனின் முதுகு அவளுக்கு ஞாபகம் வந்தது.

அன்று அவள் ஊற்றவில்லை. அவர்தான் இருட்டுக் கண்ணோடு நின்று, பாதி தொட்டிக்குள்ளும் பாதி விறாந்தையிலுமாக ஊற்றினார். அவள் குசினிக்குள் இருந்து எண்ணினாள். அறுபத்திமூன்றில் சத்தம் நின்றது.

அடுத்த மூன்று நாளும் இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் கதைத்தார்கள். கிறகோரி வரவேண்டிய நாள் வந்தது, அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கரைப்பக்கம் ஆமியின் ஹெலிகொப்டர் சுட்டதாக ரோட்டில் போனவர்கள் சொன்னார்கள். தொட்டித் தண்ணீர் தெளிந்து, வெறுமனே, ஒரு துரும்பும் இல்லாமல் பளபளத்தது. அந்தத் தெளிவைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் விறாந்தையின் மற்றப் பக்கத்தால் நடந்தாள். ஐந்தாம் நாள் காலை அவள் குசினிக்குள் போய், குடிதண்ணீர் அள்ளுகிற பித்தளைக் குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். கடலுக்குப் போனால் அது பிறகு குசினிக்குத் திரும்பி வராது. தெரிந்துதான் எடுத்தாள். வாளி வழியெல்லாம் தளம்பும்; இடுப்பில் வைத்துத் தூக்கக்கூடிய ஏனம் வீட்டில் அது ஒன்றுதான்.

"எங்கை வெளிக்கிட்டீர்?" கண் தெரியாவிட்டாலும் குடத்தின் ஓசை அவருக்குத் தெரியும்.

"கடலுக்கு."

"விசரே உமக்கு? ஹெலி சுத்துது."

"பசியெண்டு தெரிஞ்சபிறகு என்னாலை பாத்துக்கொண்டு இருக்கேலாது. அது என்ன சாதி உயிராய் இருந்தாலும் சரி. நான் திரும்பி வந்தபிறகு மிச்சச் சண்டையைப் பிடிப்பம்."

அவர்களுடைய கொழும்புத்துறை வீட்டிலிருந்து பாசையூர்க் கரை அரைக்கட்டை தூரம், பத்து நிமிட நடை. அறுபது வயது வரை அவள் அந்த மீனவர் ஒழுங்கைக்குள் இறங்கியதில்லை. காய்கிற வலைகளுக்கு இடையில் சீலையை ஒதுக்கிக்கொண்டு போனாள். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த லூர்த்தம்மா, கிறகோரியின் பெண்சாதி, நிமிர்ந்து பார்த்து நூலை விட்டுவிட்டு எழும்பினாள்.

"ஐயோ அம்மா! நீங்களோ இஞ்சை?"

"ஆர் வந்தது?" என்று குடிலுக்குள்ளிருந்து கிறகோரியின் குரல் கேட்டது. "அம்மாவோ? பாத்தியளே, நான் கடலைக் கொண்டரேல்லை எண்டு கடலைத் தேடி வந்திட்டா!" ஹெலிக்குப் பயந்து ஓடும்போது மீன் மறிக்க நட்ட களங்கட்டித் தடியொன்று அவனுடைய காலில் ஏறியிருந்தது. துணி சுற்றிய காலை உரலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தான். "லூர்த்து, அவவுக்கு நல்ல தண்ணி எதெண்டு காட்டு. தெளிஞ்சதை அள்ளிப்போடுவா. அவவின்ரை வழக்கம் அது."

லூர்த்தம்மா ஒரு கானோடு முன்னே இறங்க, குணலட்சுமி பின்னால் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. காலடியில் சேறு இளகியது. ஓர் இடத்தில் தண்ணீர் நல்ல தெளிவாக இருந்தது. கை தன்னாலே குடத்தைச் சரித்தது.

"அங்கை வேண்டாமம்மா. இஞ்சை, சாதாளைக்கு மேலை வாங்கோ." கடற்புல் அடர்ந்த இடத்தைக் காலால் மெல்லக் கலக்கினாள் லூர்த்தம்மா. பச்சையும் கபிலமுமாகப் புகை எழும்பியது. வேலியடியில் உதறிய அதே நிறம். "இது. இதுதான் அதுகளுக்குச் சோறு."

குடத்தை அமிழ்த்தும்போதுதான் சத்தம் கேட்டது. முதலில் நெஞ்சுக்குள் கேட்டது போல, பிறகு மண்டைதீவுப் பக்கமாக. கரைக்கு ஓட நேரமில்லை. லூர்த்தம்மா அவளுடைய தோளைப் பிடித்து அமுக்கினாள். இருவரும் கட்டிக் கிடந்த வள்ளத்தின் நிழலுக்குள், கழுத்தளவு தண்ணீரில், கன்னத்தோடு கன்னம் முட்டக் குந்தினார்கள். "அருள் நிறைந்த மரியே," என்றாள் ஒருத்தி. "முருகா," என்றாள் மற்றவள். குணலட்சுமியின் கண்ணுக்கு நேரே, தாடை தொடும் தண்ணீரில், ஊசிமுனையளவு உயிர்கள் துள்ளித் துள்ளிப் போயின. இவ்வளவு கிட்டத்தில் அவள் கடலைப் பார்த்ததில்லை. மேலே சுற்றுகிறவனுக்கு நாங்களும் இந்த அளவில்தான் தெரிவோம் என்று நினைத்தாள். குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஹெலி கோட்டைப் பக்கம் போனது. சுடவில்லை.

கரையில் சீலையைப் பிழிந்துகொண்டு நின்றபோது லூர்த்தம்மா தயங்கினாள். "தேத்தண்ணி வைக்கலாம்... எங்கடை வீட்டிலை குடிக்கமாட்டியள். இருங்கோ, இளநி வெட்டுறன். இளநியெண்டால் பிழையில்லைத்தானே?"

பிழையில்லைத்தான். அதற்குள் இருப்பது ஒருவருடைய கையும் படாத தண்ணீர். குணலட்சுமி இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். தேத்தண்ணி வை என்று சொல்ல வாய் வரவில்லை. வராததை அவளும் கண்டாள், லூர்த்தம்மாவும் கண்டாள். உள்ளேயிருந்து கிறகோரி ஒன்றும் பகிடி விடவில்லை.

அருளம்பலம் படலையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். குடத்தையும் லூர்த்தம்மா தூக்கிவந்த கானையும் விறாந்தையில் இறக்கினார்கள். லூர்த்தம்மா கையோடு திரும்பிப் போனாள். குணலட்சுமி முதல் செம்பை மொண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றாள். செம்புக்குள் புள்ளிகள் துள்ளின.

"இதுகளும் உயிர்தானே?"

"ஓம்," என்றார் அவர். இந்த முறை யோசிக்கவில்லை.

"அப்ப ஒண்டைத் தப்ப வைக்க எத்தினை? இந்தப் பாவம் ஆருக்கு?"

"எனக்கெண்டு வையும்."

"உங்களுக்குத்தான் ஏற்கனவே மேலுலகத்திலை தவளையள் கத்திக்கொண்டு நிக்குமே. தாங்கமாட்டியள். பாதியை என்ரை தலையிலை போடுங்கோ." சொல்லிவிட்டு ஊற்றினாள். நமசிவாய என்பது நாக்கு நுனி வரை வந்து நின்றது. வெறும் எண்ணாகச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு பழையபடி அந்தப் பெயரையே சொன்னாள். தண்ணீர் கலங்கியது. கண்ணாடிக்குள் சாம்பல் நிறம் மறைந்து, எங்கும் ஒரு மங்கலான பச்சை.

எட்டு நாள் அப்படியே ஊற்றினாள். கிறகோரி நொண்டிக்கொண்டு வந்து வந்து போனான். அவர் எப்படிக் கிடக்கு என்று கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டால் அவள் சொல்லவேண்டி வரும் என்று அவருக்குப் பயம் போலும். ஒன்பதாம் நாள் காலை கிறகோரி தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன பிறகு, அவள் அந்தத் தகரப் பேணியைக் கழுவினாள். ஆணியில் மாட்டக் கையைத் தூக்கினாள். மாட்டவில்லை. குசினி வாசல் வரை கொண்டுபோனாள். அங்கேயும் வைக்கவில்லை. கிணற்றுக் கட்டில், வெயில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு, ஆட்டைக் கட்டியிருந்த இடத்துக்குப் போய் ஒரு சிரட்டையில் இரண்டு விரல் பால் கறந்துகொண்டு வந்தாள்.

"உங்கடை சொட்டுக்குழாய் எங்கை?"

அவர் நிமிர்ந்தார். "அலுமாரியிலை, கீழ்த்தட்டிலை. என்னத்துக்கு?"

"தெரியாத மாதிரிக் கேளுங்கோ."

கதிரையை இழுத்துக்கொண்டு அவர் தொட்டியருகே வந்தார். காதைக் கண்ணாடியோடு சாய்த்துக்கொண்டு இருந்தார், சத்தம் ஏதும் வரப்போகிறது போல. இரவு முழுக்க மண்டி இறங்கி, தண்ணீர் ஓரளவு தெளிந்திருந்தது. அவள் கையை மெல்ல உள்ளே விட்டு, பஞ்சின் பக்கவாட்டில், தோலில் முட்டாமல், ஒரு துளியை விட்டாள். பால் ஒரு சின்ன மேகமாக நின்றது.

"என்ன தெரியுது?"

"பொறுங்கோ."

"குணம், பொய் சொல்லாதையும்."

"இல்லை. பொறுங்கோ எண்டுதானே சொல்லுறன். பாக்கிறன்."

உச்சியில் மிச்சமிருந்த வாயைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. மேகத்தைப் பார்த்தாள். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். அதன் ஒரு ஓரம், பஞ்சின் பக்கமிருந்த ஓரம், ஒரு மயிரளவு நீண்ட மாதிரி இருந்தது.

"ஒரு பக்கம் கொஞ்சம் சாஞ்ச மாதிரிக் கிடக்கு," என்றாள். "அது இழுக்குதோ, என்ரை கை ஆடினதோ, எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

"அப்ப கையை எடும்," என்றார் அருளம்பலம்.

அவள் கையை வெளியே எடுத்தாள். விரல் நுனியிலிருந்து சொட்டிய துளிகள் தண்ணீரின் மேல் வட்டம் போட்டன. ஒவ்வொரு வட்டமாக விரிந்து, கண்ணாடியில் முட்டி, அடங்கியது. இரண்டு முகங்களும் கண்ணாடியோடு ஒட்டியிருந்தன. உள்ளே, சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில், அந்த வெள்ளைத் துளி இன்னும் கரையாமல் நின்றுகொண்டிருந்தது.